ஒரு நைட் ஷிஃப்ட் எந்த நாளைச் சேர்ந்தது? வொர்க்ஃபோர்ஸ் மென்பொருளின் அடிப்படைத் தரவு

(எபிசோடில் பேசியதன் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்த அளவுக்கு அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

போன ரெண்டு எபிசோட்லயும் கிளவுட், ஏபிஐன்னு பேசிட்டிருந்தோம். இந்த தடவை யாருக்கும் பிடிக்காத ஒரு விஷயத்துக்கு வர்றேன். வருகைப்பதிவு, ஷிஃப்ட், ஓ.டி., லீவு எல்லாத்தையும் பார்த்துக்குற மென்பொருளைத்தான் வொர்க்ஃபோர்ஸ் மேனேஜ்மென்ட்னு சொல்றாங்க. அந்த மென்பொருளை ஒரு கம்பெனியில நிறுவும்போது, டெமோ பார்க்க எல்லாரும் வந்து உட்காருவாங்க. கலர் கலரா டேஷ்போர்டு ஓடும். ஆனா "உங்க மாஸ்டர் டேட்டாவை எக்செல்ல கொடுங்க"ன்னு கேட்டதும் அறை காலியாயிடும். கடைசியில டைம் ஆபீஸ்ல இருக்குற ஒருத்தர் தலையில அந்த வேலை விழும்.

மாஸ்டர் டேட்டா, அதாவது அடிப்படைத் தரவுன்னா என்ன? தினமும் மாறுறது ஒண்ணு, மாறாம கீழே நிக்கிறது ஒண்ணு. செல்வம்னு ஒருத்தர் காலைல 5.52க்கு கேட்டுல விரல் வைக்கிறார். அது ஒரு பஞ்ச். அந்த பஞ்சுக்குத் தானா ஒரு அர்த்தமும் கிடையாது. செல்வம் யாரு, எந்த கம்பெனி ஆளு, எந்த டிபார்ட்மென்ட், இன்னைக்கு அவருக்கு எந்த ஷிஃப்ட், அந்த ஷிஃப்ட் எத்தனை மணிக்கு ஆரம்பிக்குது, எட்டு நிமிஷம் லேட்டா வந்தா என்ன, இன்னைக்கு விடுமுறை நாளா, இதெல்லாம் வேற எங்கயோ முன்னாடியே எழுதி வெச்சிருக்கணும். அப்படி எழுதி வெச்சதுதான் அடிப்படைத் தரவு. பஞ்ச் சரியா இருந்து இது தப்பா இருந்தா, மென்பொருள் மிகத் துல்லியமா தப்பான சம்பளத்தைக் கணக்குப் போடும்.

எல்லா உதாரணத்தையும் நம்ம வடசென்னையிலிருந்தே எடுக்கப் போறேன். ராயபுரத்துல ஆரம்பிச்சு எண்ணூர் வரைக்கும் இருக்குற இந்தக் கடலோரப் பட்டைக்கு, கம்ப்யூட்டர் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இந்தப் பிரச்சினையோட பழக்கம் உண்டு.

துறைமுகத்துல இருந்த பெரிய ரெஜிஸ்டர்

கப்பல் தினமும் ஒரே எண்ணிக்கையில வராது. இன்னைக்கு நாலு கப்பல், நாளைக்கு ஒண்ணு. அதனால மூட்டை இறக்குற ஆளுங்களை அன்னன்னைக்கு கேட்டுல நிறுத்தி, மேஸ்திரி கை காட்டுறவங்களை மட்டும் உள்ளே கூட்டிட்டுப் போறதுதான் உலகம் முழுக்க துறைமுகங்கள்ல வழக்கமா இருந்தது. மேஸ்திரிக்கு வேண்டியவங்களுக்கு வேலை, மத்தவங்களுக்கு வெயில். இதை முறைப்படுத்தத்தான் 1948ல துறைமுகத் தொழிலாளர் வேலைவாய்ப்பு ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அதன்கீழ் சென்னைக்குன்னு தனித் திட்டம் 1956ல வந்தது. அரசு, முதலாளிகள், தொழிலாளர்கள்னு மூணு தரப்பும் உட்கார்ந்த டாக் லேபர் போர்டு அதை நடத்துச்சு.

அந்தத் திட்டத்தை ஒரு மென்பொருள் ஆளா படிச்சா சிரிப்பும் வரும், மரியாதையும் வரும். ஏன்னா அது அப்படியே ஒரு டேட்டாபேஸ் வடிவமைப்பு. தொழிலாளர்களுக்கு ஒரு பதிவேடு. முதலாளிகளுக்கு, அதாவது கப்பல்ல சரக்கு ஏத்தி இறக்குற ஸ்டீவடோர் கம்பெனிகளுக்கு, இன்னொரு பதிவேடு. தொழிலாளி எந்த வகைங்கறதுக்குத் தனிப் பிரிவு, ஏன்னா வின்ச் ஓட்டுறவரை மூட்டை தூக்க அனுப்ப முடியாது. மாதச் சம்பள ஆளா, ரிசர்வ் பூல் ஆளான்னு ஒரு நிலை. ரிசர்வ் பூல்ல இருக்குறவங்களைச் சுழற்சி முறையில, வரிசைப்படி அனுப்பணும்னு ஒரு விதி. கையில அடையாள அட்டை, வருகை அட்டை. வந்து நின்னும் வேலை கிடைக்கலைன்னா அதுக்கும் ஒரு படி. இன்னைக்கு நாம எம்ப்ளாயி மாஸ்டர், ஜாப் மாஸ்டர், ரொட்டேஷன் ரூல், பே கோடுன்னு சொல்றது அத்தனையும் அதுல இருக்கு. மேஸ்திரியோட விரல் செஞ்ச வேலையை ஒரு பதிவேடு எடுத்துக்கிச்சு. ரெஜிஸ்டர்ல பேர் ஏறுறதுதான் அங்க வாழ்க்கை. ஏறாதவனுக்கு மறுபடியும் கேட்டு வாசல்தான்.

ஒரு கேள்வியை மட்டும் அந்தப் பதிவேடு தீர்க்கல. இந்தத் தொழிலாளிக்கு முதலாளி யாரு? பேரைப் பதிவு பண்ணி வெச்சு, ஆளை அனுப்புறது போர்டு. வேலை வாங்குறது ஸ்டீவடோர். விசாகப்பட்டினத்துல இதே மாதிரி இருந்த போர்டு விஷயத்துல, போனஸ் யார் கொடுக்கணும்ங்கற தகராறு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. அதுல வந்த தீர்ப்பு, போர்டு முதலாளி இல்ல, யாருகிட்ட ஆள் ஒதுக்கப்பட்டாரோ அந்தப் பதிவு பெற்ற கம்பெனிதான் முதலாளின்னு சொல்லுச்சு. "முதலாளி"ங்கற ஒரே ஒரு கட்டத்துல என்ன எழுதுறதுன்னு முடிவு பண்ண நாட்டோட உச்ச நீதிமன்றம் தேவைப்பட்டிருக்கு. அடுத்த தடவை "இது சும்மா டேட்டா என்ட்ரி வேலைதானே"ன்னு யாராவது சொன்னா இதைச் சொல்லுங்க.

ஆள் வேற, வேலை வேற

இப்ப திருவொற்றியூர் பக்கம் ஒரு தொழிற்சாலையைக் கற்பனை பண்ணுங்க. நிரந்தரத் தொழிலாளிங்க கொஞ்சம், ஒப்பந்தத் தொழிலாளிங்க நிறைய. நிரந்தர ஆளுங்களுக்கு டோக்கன் நம்பர் உண்டு. பழைய ஆளுங்களைக் கேட்டா பேரைவிட வேகமா டோக்கன் நம்பரைச் சொல்லுவாங்க. அந்த நம்பர் ஏன் வந்துச்சு? ஒரே ஷாப்புல நாலு முருகன் இருப்பாங்க. வெல்டர் முருகன், கிரேன் முருகன்னு மனுஷங்க சமாளிச்சுக்குவாங்க. சம்பளப் பட்டியலால முடியாது.

நம்ம பேர்களே மென்பொருளுக்கு ஒரு சோதனை. வெளிநாட்டுல செஞ்ச மென்பொருள்ல முதல் பேர், கடைசிப் பேர்னு ரெண்டு கட்டம், ரெண்டும் கட்டாயம். நமக்குக் கடைசிப் பேர் ஏது? இனிஷியல்தான். அதனால ஒருத்தர் பேர் ஆதார்ல "செல்வம் முருகேசன்", பிஎஃப்ல "எம். செல்வம்", பேங்க்ல "செல்வம் எம்" அப்படின்னு மூணு வடிவத்துல நிக்கும். கல்யாணத்துக்கு அப்புறம் சில பெண்களுக்கு இனிஷியல் மாறும். எழிலரசன் மாதிரி பேரை ஆங்கிலத்துல எழுதினா ழகரத்துக்கு இசட் போடுறவங்களும் உண்டு, எல் போடுறவங்களும் உண்டு. கேட்டுல விரல் வைக்கிற வரைக்கும் இதனால ஒண்ணும் ஆகாது. பொண்ணு கல்யாணத்துக்கு பிஎஃப் பணம் எடுக்கப் போகும்போதுதான் பேர் பொருந்தலைன்னு திருப்பி அனுப்புவாங்க. அதனால பேரை வெச்சு ஆளை அடையாளம் காணவே கூடாது. மாறாத ஒரு எண் வேணும். பிஎஃப்ல 2014ல யூஏஎன் கொண்டு வந்ததும் இதுக்குத்தான்: கம்பெனி மாறினாலும் ஆளுக்கு ஒரே 12 இலக்க எண்.

இந்த யோசனையை நிறைய மென்பொருள்கள் வாங்கிக்கறதில்ல. நான் பார்த்த ஒரு இடத்துல (பேர் வேண்டாம்) ஒப்பந்தத் தொழிலாளியோட ஐடியே கான்ட்ராக்டர் கோடுல ஆரம்பிக்கும். கான்ட்ராக்டர் மாறினா எல்லாருக்கும் புது ஐடி, புது சேர்ந்த தேதி. அதே ஆள், அதே மெஷின், அதே கேன்டீன் டோக்கன். கம்ப்யூட்டருக்கு மட்டும் அவர் நேத்து வேலைக்கு வந்தவர்.

இதனால என்ன போச்சு? தமிழ்நாட்டுல 1981ல ஒரு சட்டம் போட்டாங்க. தொழில் நிறுவனங்கள்ல தொழிலாளிக்கு நிரந்தரத் தகுதி வழங்குற சட்டம். 24 மாசத்துக்குள்ள 480 நாள் தொடர்ந்து வேலை செஞ்சவரை நிரந்தரமாக்கணும்னு அது சொல்லுது. ஒருத்தர் 2022 மார்ச்ல சேர்ந்து முதல் கான்ட்ராக்டர்கிட்ட 13 மாசத்துல 300 நாள் வேலை செய்றார்னு வைங்க. 2023 ஏப்ரல்ல கான்ட்ராக்டர் மாறுறார். அடுத்த 11 மாசத்துல 270 நாள். மொத்தம் 24 மாசம், 570 நாள். மென்பொருளைக் கேட்டா ஒரு ஐடிக்கு 300னு காட்டும், இன்னொண்ணுக்கு 270னு காட்டும். 480 எங்கயும் வராது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்தச் சட்டம் பொருந்துமா, எப்போ பொருந்தும்ங்கறது வழக்குக்கு வழக்கு வாதாடுற விஷயம். அது வக்கீல் வேலை. ஆனா அந்த 570ங்கற எண்ணை யாராவது கூட்டிக் காட்ட முடிஞ்சாத்தான் வாதமே ஆரம்பிக்கும். பணிக்கொடைக்கு வருஷம் எண்ணும்போதும் இதே கதைதான்.

ஒழுங்கான வடிவமைப்பு இதை மூணா பிரிக்கும். ஆள் ஒண்ணு: செல்வம், பிறந்த தேதி, மாறாத எண். வேலை உறவு இன்னொண்ணு: எந்த முதலாளி, எப்பலேருந்து எப்ப வரைக்கும். பணியிடம் மூணாவது: எந்த டிபார்ட்மென்ட், எந்த மெஷின், எந்த சூப்பர்வைசர். ஒரு ஆளுக்கு வரிசையா பல வேலை உறவுகள் இருக்கலாம், ஒரு வேலை உறவுக்குள்ள பல பணியிடங்கள் இருக்கலாம். இப்படி வெச்சா கான்ட்ராக்டர் மாறும்போது நடு அடுக்குல ஒரு வரி கூடும், அவ்வளவுதான். மேல செல்வம் செல்வமாவே இருப்பார். சில கம்பெனிங்க இதை வேணும்னே செய்யாம விடுறாங்களான்னு கேட்டா, சில இடத்துல ஆமான்னுதான் எனக்குத் தோணுது. பல இடத்துல அது வெறும் சோம்பல். தொழிலாளிக்கு ரெண்டுலயும் விளைவு ஒண்ணுதான்.

நகராத தொழிற்சாலை மாவட்டம் மாறின கதை

இடம்ங்கற மாஸ்டர் சுலபம்னு நினைப்போம். கட்டடம் எங்க போயிடப் போகுது? திருவொற்றியூரையே எடுத்துக்கங்க. 2011 வரைக்கும் அது தனி நகராட்சி. பக்கத்துல கத்திவாக்கம் தனி நகராட்சி, மணலி தனி நகராட்சி. அந்த வருஷம் மூணும் சென்னை மாநகராட்சிக்குள்ள வந்துச்சு. ஆனா மாவட்டம் திருவள்ளூராவே இருந்தது. 2018ல சென்னை மாவட்டத்தை விரிவுபடுத்தினப்ப திருவொற்றியூர் தாலுகாவும் சென்னை மாவட்டத்துக்கு வந்துச்சு. தொழிற்சாலை ஒரு அடி நகரல. ஏழு வருஷத்துல உள்ளாட்சி ஒரு தடவை, மாவட்டம் ஒரு தடவை மாறிடுச்சு. தமிழ்நாட்டுல தொழில் வரியை அரையாண்டுக்கு ஒரு தடவை வசூலிக்கிறது உள்ளாட்சி அமைப்பு. அதனால சம்பளத்துல பிடிக்கிற பணம் யாருக்குப் போகணும்ங்கறது இந்த ஒரு கட்டத்தைப் பொறுத்தது.

இங்கதான் எஃபெக்டிவ் டேட்ங்கற விஷயம் வருது. பழைய மதிப்பை அழிச்சுட்டுப் புதுசை எழுதக் கூடாது. "இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரைக்கும் திருவள்ளூர், அதுக்கப்புறம் சென்னை"ன்னு ரெண்டு வரியும் இருக்கணும். இல்லன்னா 2017க்கான ரிப்போர்ட்டை இன்னைக்கு எடுத்தா, அது அப்பவே சென்னை மாவட்டம்னு பொய் சொல்லும்.

பேரும் இப்படித்தான். எண்ணூர் துறைமுகம் 2014ல காமராஜர் துறைமுகம் ஆச்சு. விம்கோ நகர்ல மெட்ரோ ஸ்டேஷன் 2021ல திறந்தாங்க. அந்த விம்கோங்கறது தீப்பெட்டிக் கம்பெனியோட பேர்னு ரயில்ல ஏறுற எத்தனை பேருக்குத் தெரியும்? பேரை விளக்கமா வைங்க, அடையாளமா வைக்காதீங்க. லொகேஷன் கோடுக்குள்ள ஊர் பேரையோ மாவட்டத்தையோ திணிச்சா அடுத்த அரசாணையில மாட்டிக்குவீங்க.

நாள் எப்போ ஆரம்பிக்குது?

இப்ப தலைப்புக்கு வர்றேன். இந்தப் பட்டையில பரவலா பார்க்குற ஷிஃப்ட் 6 டு 2, 2 டு 10, ராத்திரி 10 டு காலை 6. மூணாவதுதான் வில்லங்கம், ஏன்னா அது ரெண்டு தேதியில கால் வைக்குது.

1948ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்தோட 57ஆம் பிரிவைப் படிச்சப்ப, எழுதினவருக்கு நம்ம டீம்ல வேலை கொடுக்கலாம்னு தோணுச்சு. நள்ளிரவைத் தாண்டிப் போற ஷிஃப்ட்ல இருக்குறவருக்கு அடுத்த நாள்ங்கறது அவர் ஷிஃப்ட் முடியும்போது ஆரம்பிக்கிற 24 மணி நேரம். நள்ளிரவுக்கு அப்புறம் அவர் செஞ்ச வேலை நேரத்தை முந்தின நாள் கணக்குல சேர்க்கணும். வார விடுமுறையும் அப்படித்தான், ஷிஃப்ட் முடிஞ்சதுலேருந்து 24 மணி நேரம். காலண்டர் நாள் வேற, வேலை நாள் வேறன்னு எந்தக் குழப்பமும் இல்லாம சொல்லியிருக்காங்க.

இதை ஷிஃப்ட் மாஸ்டர்ல அமைக்காம விட்டா என்ன ஆகும்? 2024ல ஒரு வியாழக்கிழமைன்னு வைங்க. செல்வம் ராத்திரி 10 மணிக்கு உள்ளே போறார். காலைல 6 மணிக்கு ரிலீவர் வரல. 9 மணி வரைக்கும் நிக்கிறார். வெள்ளிக்கிழமை ராத்திரி அவருக்கு லீவு. இடைவேளைக் கணக்கை விட்டுடுவோம், மொத்தம் 11 மணி நேரம். அந்தச் சட்டப்படி ஒரு நாள்ல 9 மணி நேரத்துக்கு மேல போனா, இல்ல வாரத்துல 48ஐத் தாண்டினா, ஓ.டி.க்கு இரட்டிப்புச் சம்பளம். 11ல 9 போக 2 மணி நேரம் ஓ.டி.

நள்ளிரவுல நாளை வெட்டுற மென்பொருள் என்ன பண்ணும்? வியாழன் 2 மணி நேரம், வெள்ளி 9 மணி நேரம். ரெண்டு நாளும் 9ஐத் தாண்டல. ஓ.டி. பூஜ்யம். வாரக் கணக்குலயும் சிக்காது, ஏன்னா ஒரு நாள் லீவு எடுத்ததால மொத்தம் 43 தான். பஞ்ச் மெஷின் சரியா வேலை செஞ்சது, புரோகிராம்ல பிழை இல்ல, யாரும் திருடல. இருந்தும் ரெண்டு மணி நேரத்துக்கான இரட்டிப்புச் சம்பளம் காணாம போச்சு. செல்வம் போய்க் கேட்டா "சிஸ்டம்ல வரலையே"ன்னு சொல்லுவாங்க. சொல்றவருக்கும் காரணம் தெரியாது.

அந்த 9ங்கற எண்ணும் அடிப்படைத் தரவுதான். அதை கோடுக்குள்ள எழுதிப் புதைக்கக் கூடாது. 2023 ஏப்ரல் 21 அன்னைக்கு, வேலை நேரத்துல தளர்வு கொடுக்கற திருத்த மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்துல நிறைவேறுச்சு. 12 மணி நேர வேலைன்னு ஊரெல்லாம் பேசினது அதைத்தான். மூணு நாள்ல நிறுத்தி வெச்சாங்க, மே 1 அன்னைக்கு வாபஸ்னு முதல்வர் அறிவிச்சார். அவசரப்பட்டு மாத்தியிருந்தவங்க மறுபடியும் மாத்த வேண்டியதுதான். இப்ப நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் மத்திய அரசு 2025 நவம்பர் 21லிருந்து நடைமுறைக்குக் கொண்டு வந்திருக்கு. புதுத் தொகுப்புல ஒரு நாளைக்கு 8 மணி நேரம்னு இருக்கு. அதுக்காக 2024 வியாழக்கிழமைக் கணக்கை யாராவது இன்னைக்குத் திருத்தினா 8ஐ வெச்சுப் போடக் கூடாது. அன்னைக்கு இருந்த விதியான 9தான். மாவட்டத்துக்குச் சொன்ன அதே எஃபெக்டிவ் டேட், விதிக்கும் வேணும்.

விடுமுறைக் காலண்டரைச் சீக்கிரம் முடிச்சுடறேன். தமிழ்நாட்டுல 1958ஆம் வருஷச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நாலும் கட்டாயம், கூட அஞ்சு பண்டிகை விடுமுறை. அந்த அஞ்சு எதுன்னு இடத்துக்கு இடம் மாறும். அதனால காலண்டரைக் கம்பெனிக்கு ஒண்ணா போடாம இடத்தோட கட்டுங்க. ஆகஸ்ட் 14 ராத்திரி 10 மணிக்கு ஆரம்பிக்கிற ஷிஃப்ட்டுக்கு விடுமுறைச் சம்பளம் எப்படின்னு முன்னாடியே யூனியனோட பேசி, எழுதி வெச்சிடுங்க. 15ஆம் தேதி காலைல பேசினா சண்டைதான்.

ஷிஃப்ட் மாஸ்டர்ல இன்னொரு சின்ன கட்டம் இருக்கு, ரவுண்டிங். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில டிரெய்லர் லாரிங்க வரிசை கட்டி நின்னா பஸ் எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. 6.08க்கு வந்தா 6.15ன்னு எடுத்துக்கோன்னு விதி. சரி. 5.45க்கு வந்தா? 6.00. ஒரு பக்கம் மட்டும் வெட்டுற கத்தி. தினமும் 7 நிமிஷம், மாசம் 26 நாள்னா 182 நிமிஷம். மூணு மணி நேரம். நிர்வாகம் இதைத் தீர்மானம் போட்டு முடிவு பண்ணியிருக்கணும்னு அவசியமில்ல. மென்பொருளோட வந்த ஆரம்ப அமைப்பை யாரும் தொடாம விட்டாலே போதும்.

நீங்க எச்ஆர்லயோ டைம் ஆபீஸ்லயோ இருந்தா, இல்ல யூனியன்ல இருந்து கணக்கு கேட்குறவரா இருந்தா, புது மென்பொருள் வரும்போது டேஷ்போர்டு டெமோவை விட்டுடுங்க. மூணே மூணு சோதனை கேளுங்க. நள்ளிரவைத் தாண்டி 9 மணி வரைக்கும் நின்ன ஒருத்தருக்கு ஓ.டி. எவ்வளவு காட்டுது? கான்ட்ராக்டர் மாறின ஒருத்தரோட மொத்த வேலை நாளை ஒரே திரையில காட்ட முடியுமா? போன வருஷத் தேதியைப் போட்டா போன வருஷ விதிப்படி கணக்கு வருதா? விக்க வந்தவர் "அதை கஸ்டமைஸ் பண்ணிக்கலாம் சார்"னு சொன்னா, அந்த வேலைக்கு எத்தனை நாள், யார் செலவுன்னு அங்கேயே எழுதி வாங்கிக்கங்க.

லீவு பேலன்ஸைப் பழைய சிஸ்டத்துலேருந்து புதுசுக்குக் கொண்டு போறது தனிக் கதை. அது அடுத்த எபிசோட்.